முடிச்சு, அச்சு, நீலத்தொட்டி: ஜப்பானில் ஒரு சாயப் பயணம்

செவ்வாய், நாகோயா

மழைக்காலம் தொடங்குகிற ஜூன் மாதத்தில் ஜப்பானுக்கு வந்தால் கூட்டம் குறைவு, அறை வாடகையும் குறைவு. துணி காயாது என்பது ஒன்றுதான் தொல்லை. சாயம் தோய்க்கவே வந்திருக்கும் எங்களுக்கு அது சின்னத் தொல்லை இல்லை.

கூட வந்திருப்பது சித்தி. மதுரையில் நெடுங்காலம் தையல் கடை நடத்தியவர், இப்போது கடை மகன் கையில். ஜப்பான் என்றதும் நான் மலை, கோயில், புல்லட் ரயில் என்று பட்டியல் போட ஆரம்பித்தேன். "கோயில் நம்ம ஊர்ல இல்லாததா? துணிக்குச் சாயம் போடற இடமாப் பார்த்துக் கூட்டிட்டுப் போடி" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அதனால் டோக்கியோ பக்கமே போகாமல் ஒரு பாதை: முடிச்சுச் சாயத்துக்கு நாகோயாவின் ஓரத்தில் இருக்கும் அரிமாட்சு, அச்சுச் சாயத்துக்குக் கியோட்டோ, நீலச் சாயத்துக்கு ஷிக்கோக்கு தீவின் தொகுஷிமா. மூன்று இடத்திலும் காசு கட்டினால் நாமே செய்து பார்க்கலாம்.

இந்த மாதிரிப் பட்டறைகள் மேல் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு, சொல்லிவிடுகிறேன். தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த வேலையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எதைச் செய்துவிட முடியும்? யாரோ முக்கால்வாசி முடித்து வைத்ததன் மேல் கடைசிக் கோட்டை நாம் இழுத்துவிட்டு, படம் எடுத்துக்கொண்டு வருவதுதானே? போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

இரவுச் சாப்பாடு: இந்த ஊர்ப் பட்டை நூடுல்ஸான கிஷிமென், மேலே மீன் சீவல். சித்தி சைவம். வெறும் சோறும் ஊறுகாயும் சாப்பிட்டார். இனி இதைப் பற்றி எழுதப் போவதில்லை, தினமும் இதே கதையாகத்தான் இருக்கும்.

புதன், அரிமாட்சு

நாகோயாவிலிருந்து மெய்த்தெட்சு ரயிலில் இருபது நிமிடம் போல. நிலையத்தை விட்டு வெளியே வந்தால் மேம்பாலம், கடைகள், எங்கேயும் பார்க்கிற ஊர்தான். இரண்டு நிமிடம் நடந்து ஒரு திருப்பத்தில் திரும்பினால் பழைய தொக்கைதோ சாலை. எடோவையும் (இன்றைய டோக்கியோ) கியோட்டோவையும் இணைத்த பெருவழி இது. இருபுறமும் கனமான சுண்ணாம்புச் சுவரும் கறுப்பு ஓடுமாக வணிகர் வீடுகள். வாசல்தோறும் சாயத் துணியில் தைத்த திரை தொங்குகிறது, ஒரு வீட்டுத் திரை மாதிரி இன்னொன்று இல்லை.

ஊர் எப்படி வந்தது என்பதே நல்ல கதை. சிரியூ, நருமி என்ற இரண்டு சாவடிகளுக்கு நடுவே பைன் காடும் கள்ளர் பயமுமாகக் கிடந்த இடம் இது. வழிப்போக்கர்களுக்குத் துணையாக ஒரு குடியிருப்பு வேண்டும் என்று 1608இல் இந்தப் பகுதியை ஆண்ட ஓவாரி ஆட்சியாளர்கள் சலுகை கொடுத்து ஆட்களைக் குடியேற்றினார்கள். சித்தா தீபகற்பத்தின் அகுயி என்ற ஊரிலிருந்து வந்தவர்களில் தகேதா ஷோகுரோ ஒருவர். விவசாயத்துக்கு நிலம் சரிப்படவில்லை. ஆனால் வாசலிலேயே பெருவழி, எந்நேரமும் ஆள் நடமாட்டம். அந்தச் சமயம் நாகோயாக் கோட்டை கட்ட, தூரத்துக் கியூஷு தீவின் பூங்கோ பகுதியிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். அவர்களிடமிருந்த முடிச்சுச் சாயத் துணியைப் பார்த்து, அதே மாதிரி பருத்தித் துண்டுகள் செய்து பயணிகளுக்கு விற்கத் தொடங்கினார் ஷோகுரோ. தெனுகுயி என்ற அந்தத் துண்டைத் தலையில் கட்டலாம், வியர்வை துடைக்கலாம், ஊருக்குத் திரும்பும்போது யாருக்காவது கொடுக்கலாம். எடையும் இல்லை. பயணிகளுக்கு விற்க இதைவிடத் தோதான சரக்கு கிடையாது. பின்னாளில் ஓவியர் ஹிரோஷிகே தொக்கைதோவின் சாவடிகளை வரிசையாக வரைந்தபோது, நருமிக்கு அவர் வரைந்தது இந்தத் துணிக்கடைகளைத்தான்.

1784இல் பெரும் தீவிபத்து, ஊர் முழுக்கச் சாம்பல். அதற்குப் பிறகுதான் கூரை வேய்வதை விட்டு ஓடும், தீத் தாங்கும் கனத்த சுவருமாகக் கட்டினார்கள். இன்று நாங்கள் ரசித்துக்கொண்டு நடந்த அழகெல்லாம் அந்தப் பயத்தில் பிறந்தது.

முதலில் தெருவிலேயே இருக்கும் ஷிபோரிக் காட்சிக்கூடத்துக்குப் போனோம். ஷிபோரி என்றால் இந்த முடிச்சுச் சாய வகைகள் அத்தனைக்கும் பொதுப்பெயர். நூற்றுக்கும் மேற்பட்ட முறைகள் இந்த ஊரில் உண்டு. உள்ளே வயதான இரண்டு பெண்கள் உட்கார்ந்து கட்டிக் காட்டுகிறார்கள். ஒருவர் செய்தது சிலந்திவலை முடிச்சு. அவர் முன்னால் மரத்தாங்கி, அதில் ஒரு கம்பி, கம்பி நுனியில் பொடிக் கொக்கி. துணியில் ஒரு புள்ளியைக் கொக்கியில் மாட்டி இழுக்கிறார். இடது கை விரல்கள் அந்தப் புள்ளியைச் சுற்றிக் கொசுவம் எடுக்கின்றன, ஒவ்வொரு மடிப்பும் நகக்கண் அகலம். வலது கை நூலைச் சுற்றிக்கொண்டே இறங்குகிறது. கடைசியில் ஒரு முறுக்கு, ஒரு இழுப்பு, அவ்வளவுதான். அடுத்த புள்ளி. நான் ஒரு தடவை கண் சிமிட்டுவதற்குள் கொசுவம் முடிந்துவிடுகிறது. மெதுவாகச் செய்து காட்டச் சொல்லிக் கேட்டால் சிரிக்கிறார், மெதுவாகச் செய்தால் மடிப்பு சமமாக வராதாம்.

சித்தி அவர் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மதுரைச் சுங்குடியில் கட்டுகிற புள்ளி முடிச்சைச் சித்தி சின்ன வயதிலிருந்தே பார்த்தவர். "இந்தம்மா முடிச்சே போடல பாரு. நூலோட இறுக்கத்துலயே நிக்குது" என்றார் என் காதில். உண்மைதான். முடிச்சுப் போட்டால் சாயம் தோய்த்த பிறகு ஒவ்வொன்றையும் வெட்டிப் பிரிக்க வேண்டும், துணி கிழியவும் வாய்ப்புண்டு. சுற்றி மட்டும் விட்டால் இரு பக்கமும் பிடித்து இழுத்தால் பொலபொலவென்று அவிழும். இன்னொரு பெண்மணி செய்த மியூரா என்ற முறையிலும் அப்படித்தான், கொக்கி ஊசியால் துணியைத் தூக்கி நூலை வளையமாகச் சுற்றி விடுவதோடு சரி. பூங்கோவிலிருந்து வந்த மியூரா என்ற மருத்துவரின் மனைவி இந்த ஊர்ப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்த முறை இது என்கிறார்கள்.

கைபேசி மொழிபெயர்ப்பின் துணையோடு சித்தி கேட்டார்: "அம்மா, இந்த இன்னொரு மாதிரியும் உங்களுக்குக் கட்ட வருமா?" இல்லை என்று தலையாட்டினார். இந்த ஊர் வழக்கப்படி ஒருவருக்கு ஒரு முறைதான். அம்மா சிலந்திவலை கட்டினால் மகளும் அதையே கற்றாள். வடிவம் வரைய ஒருவர், அதைத் துணியில் பதிக்க ஒருவர், கட்ட ஒருவர், தோய்க்க ஒருவர், நூல் பிரிக்க ஒருவர், கடைசியில் ஆவி காட்டி நீவ ஒருவர். ஒரே துணி வீடு வீடாகப் பயணம் போகும். ஒரு துணியில் பல முறைகள் சேர்ந்து வந்தால் கட்டுவதற்கே பல வீடுகள் போகும். பட்டுக் கிமோனோ முழுக்கப் பொடிப்புள்ளி வைக்க வேண்டுமென்றால் லட்சத்துக்கும் மேல் முடிச்சுகள். விலைச்சீட்டைப் பார்த்து வாயைப் பிளந்த பிறகு இந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள்.

மதியம் எங்கள் முறை. தெருவின் கோடியில் ஒரு சிறு பட்டறை. சுற்றுலாக்காரருக்கு அவர்கள் கொடுப்பது செக்கா, அதாவது பலகையில் இறுக்கித் தோய்ப்பது. கட்டும் வேலையே இல்லாததால் அன்றைக்கே முடித்துக் கையில் கொடுத்துவிடலாம். துணியை நீளவாக்கில் முன்னும் பின்னுமாக மடித்து ஒரு பட்டையாக்க வேண்டும். பட்டையை மறுபடி முக்கோணம் முக்கோணமாக மாற்றி மாற்றி மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கட்டு. இருபுறமும் அதே அளவு மரப்பலகை வைத்து முடுக்கி, தண்ணீரில் நன்றாக ஊறவிட்டு, ஓரத்தை மட்டும் சாயத்தில் வைக்க வேண்டும். சில விநாடிதான். ஈரத்தில் சாயம் தானாக உள்ளே ஏறும். எவ்வளவு தூரம் ஏறவிடுகிறோமோ அதற்கேற்ப நடுவிலிருக்கும் வெள்ளைப் பூ சின்னதாகவோ பெரிதாகவோ வரும். இரண்டாவது ஓரத்தை வேறு நிறத்தில் வைத்தேன். அலசிப் பிரித்தால் துணி முழுக்கப் பனிப்பூக்கள்.

இன்று யுகாதா உடையில் எல்லோரும் தேடி வாங்குகிற இந்தப் பனிப்பூ ஒரு காலத்தில் குழந்தைகளின் இடுப்புத்துணிக்குப் போட்ட டிசைன். சீக்கிரம் ஆகும், செலவில்லை, அதனால்தான். சித்திக்கு இதைச் சொன்னதும் தன் துணியைத் தூரப் பிடித்து ஒரு பார்வை பார்த்தார்.

ஒன்று சொல்ல வேண்டும்: எங்கள் தொட்டியில் இருந்தது வேதிச் சாயம். அவர்களும் மறைக்கவில்லை, டப்பா அங்கேயே இருந்தது. செவ்வாய்க்கிழமை கேட்ட கேள்விக்கு இங்கே பாதிப் பதில் கிடைத்தது. இதில் வித்தை முழுக்க மடிப்பில்தான், அந்த மடிப்பை நானேதான் மடித்தேன். ஆனால் காலையில் பார்த்த கொசுவத்தை எனக்குக் கற்றுத்தரவே யாரும் முன்வரவில்லை. நல்லவேளை.

வியாழன், கியோட்டோ

இன்று எழுத அதிகம் இல்லை, மழை பாதி நாளைத் தின்றுவிட்டது.

கியோட்டோவின் சாய முறைக்கு யூசென் என்று பெயர், துணியில் படம் வரைகிற முறை. அது பிறந்ததற்கு நேற்றைய முடிச்சுகளும் ஒரு வகையில் காரணம். பணக்கார வணிகர்களின் ஆடம்பரம் எல்லை மீறுகிறது என்று 1683இல் அரசு ஒரு தடை போட்டது. பொன்னிழை, பூவேலை, உடல் முழுக்கப் பொடிப்புள்ளி முடிச்சு மூன்றும் கூடாது. முடிச்சும் போடக் கூடாது, ஜரிகையும் கூடாது என்றால் துணியில் என்னதான் செய்வது? நேரடியாக வரைந்துவிடலாமே! மியாசாக்கி யூசென்சாய் என்ற விசிறி ஓவியரின் பாணி துணிக்கு வந்து, அவர் பெயரே அந்தச் சாய முறைக்கும் நிலைத்தது.

கையால் வரையும் யூசென்னில் முதல் கோடு நீலப் பூச்சாற்றில். நம் ஊர் வேலியோரம் முளைக்கும் கானாவாழையின் இனத்தில் பெரிய பூப் பூக்கும் ஒரு வகையை பீவா ஏரிக்கரைக் குசாட்சுவில் வளர்க்கிறார்கள். இதழைப் பிழிந்த சாற்றைக் காகிதத்தில் திரும்பத் திரும்பத் தடவிக் காயவைத்து விற்பார்கள். வேண்டும்போது ஒரு துண்டைத் தண்ணீரில் நனைத்தால் மை. அந்தக் கோட்டின் மேல் அரிசிமாவுப் பசையை நூல் போலப் பிதுக்கி வரம்பு கட்டி, வரம்புக்குள் நிறம் தீட்டி, ஆவியில் வைத்துச் சாயத்தை இறுக்கி, கடைசியில் தண்ணீரில் பசையை அலசுவார்கள். பூச்சாற்றுக் கோடு தடம் தெரியாமல் போய்விடும். முன்பு காமோ ஆற்றிலேயே நின்று நீளநீளமாகத் துணியை அலசுவார்களாம். ஆறு கெடுகிறது என்று நிறுத்திவிட்டார்கள். நல்ல முடிவு. சாயக்கழிவு ஓடும் ஆறு எப்படியிருக்கும் என்று திருப்பூர் நொய்யலைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எங்களுக்குக் கிடைத்தது அச்சு யூசென். வேதிச் சாயம் வந்த மெய்ஜி காலத்தில் (1868-1912), சாயத்தைப் பசையில் கலந்து வெட்டிய தகட்டின் வழியே பூசுகிற முறையைக் கியோட்டோவில் கொண்டுவந்தவர் ஹிரோசே ஜிசுகே. அதன் எளிய வடிவம்தான் இப்போது பட்டறைகளில். ஒரு கைப்பை, அதற்கு வரிசை எண் போட்ட தகடுகள், மான்முடியில் செய்த வட்டத் தூரிகை. தூரிகையில் சாயம் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்குத் துடைத்துவிட்டு, செங்குத்தாகப் பிடித்து வட்டமாகத் தேய்க்க வேண்டும். ஒவ்வொரு தகட்டுக்கும் மூலையில் குறிப்புள்ளி. அதைப் பொருத்தி வைத்தால் முதல் தகட்டில் இதழ், அடுத்ததில் இதழின் நிழல், அடுத்ததில் நரம்பு என்று பூ உருவாகிக்கொண்டே வருகிறது.

3,000 யென்னுக்குக் கொஞ்சம் குறைவாகக் கொடுத்தோம். வந்ததென்னவோ அழகான பைதான். ஆனால் மூன்றில் எனக்குப் பிடிக்காதது இதுதான். தகடு வெட்டியவரின் வேலை அது. பழைய நாளில் இந்தத் தகட்டையே மீயே மாநிலத்து ஷிரோக்கோவில் கைக்காகிதத்தை அடுக்கடுக்காக ஒட்டி, தக்காளி போல இருக்கும் ககிப் பழத்தின் துவர்ச்சாறு பூசி, புகைபோட்டுப் பதப்படுத்திய தாளில் மயிரிழையாக வெட்டுவார்கள். சுவரில் சட்டம் போட்டு ஒன்று மாட்டியிருந்தார்கள். என் பையைவிட அதன் முன்னால்தான் அதிக நேரம் நின்றேன். எங்கள் கையில் இருந்தது பிளாஸ்டிக் தகடு.

சித்தியின் தீர்ப்பு: "கோலத்துக்கு அச்சு வாங்கி மாவு தூவற மாதிரி இருக்குடி."

வெள்ளி, வழியில்

கியோட்டோவிலிருந்து தொகுஷிமாவுக்கு நேரடிப் பேருந்து. ரயிலில் போனால் சுற்று. பேருந்து அக்காஷி பாலத்தில் ஏறுகிறது, 1998இல் திறந்தது, இரு கோபுரங்களுக்கு நடுவே 1,991 மீட்டர். அப்புறம் ஆவாஜி தீவு, மறுபடி ஒரு பாலம், கீழே நருத்தோவின் சுழல்கள். மேகமாக இருந்ததால் சுழல் சரியாகத் தெரியவில்லை.

தொகுஷிமாவில் மின்சார ரயில் ஒன்றுகூடக் கிடையாது, எல்லாம் டீசல். புல்லட் ரயில் நாட்டில் இதைப் பார்க்க ஒரு தனி ஆறுதல்.

சனி, ஐஸுமி

நகரத்திலிருந்து பேருந்தில் அரை மணிக்குள் ஐஸுமி. இறங்கி வீடுகளுக்கும் வயல்களுக்கும் நடுவே நடந்தால் "ஐ நோ யகாதா". ஒக்குமுரா என்ற நீல வணிகக் குடும்பத்தின் பழைய மாளிகை, இப்போது நீலத்துக்கான காட்சியகம்.

முதலில் ஆறு. இந்தச் சமவெளியை உண்டாக்கியது யோஷினோ ஆறு. கரை கட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு புயல் காலத்திலும் ஊருக்குள் வந்துவிடும். நெல் அறுவடைக்குக் காத்திருந்தால் வெள்ளம் கொண்டுபோகும். நீலச்செடியைப் புயலுக்கு முன்பே அறுத்துவிடலாம். வெள்ளம் விட்டுப்போகும் வண்டலில் அடுத்த வருடம் உரமும் புதிசு. ஆவா என்று அப்போது அழைத்த இந்தப் பகுதியை ஆண்ட ஹச்சிசுகா குடும்பம் இதைப் பிடித்துக்கொண்டு வளர்த்தது. ஆவாவின் அதிகாரபூர்வ விளைச்சல் மதிப்பு, கொக்கு என்ற அந்தக் கால ஜப்பானிய அளவையில், 2,57,000 கொக்கு அரிசி. நீல வருமானம் அதைப்போல இரு மடங்கு என்பது அந்தக் காலத்துப் பேச்சு.

காட்சியகத்தின் பின்னால் ஒரு துண்டு நிலத்தில் செடி நின்றது. முழங்கால் உயரம், சாதாரணக் களைச்செடி மாதிரிதான். நம் அவுரிக்கும் இதற்கும் உறவே இல்லை. அவுரி பயறு வகை, இது வேறு குடும்பம். ஆனால் இலைக்குள் இருக்கும் பொருள் ஒன்றுதான். ஒரு இலையைக் கசக்கி வைத்துவிட்டு ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் கசங்கிய இடமெல்லாம் நீலக்கறை. சித்தி அதை மோந்து பார்த்துவிட்டு, "அம்மா தலைக்கு அவுரிப்பொடி போடுவாங்களே, அந்த வாடை இல்லையே" என்றார்.

வேறுபாடு அதற்கப்புறம்தான். இந்தியாவில் அவுரியைத் தொட்டியில் ஊறவைத்து, தண்ணீரைக் கலக்கி அடித்து, அடியில் படியும் நீலத்தைக் கட்டியாக எடுப்பார்கள். ஆவாவில் இலையையே மக்கவைக்கிறார்கள். கோடையில் அறுத்து, நறுக்கி, வெயிலில் உலர்த்தி, தண்டைப் பிரித்து இலையை மட்டும் வைப்பார்கள். செப்டம்பரில் மண்தரை போட்ட பெரிய கொட்டகையில் குவித்துத் தண்ணீர் தெளிப்பார்கள். சில நாளுக்கு ஒரு முறை குவியலைப் புரட்டி மறுபடி தண்ணீர். உள்ளே சூடு அறுபது டிகிரிக்கு மேல் போகும், அம்மோனியா கண்ணைக் கரிக்கும். குளிர் கூடக் கூட மேலே வைக்கோல் பாய் போர்த்தி விடுவார்கள். எவ்வளவு தண்ணீர், எப்போது என்று சொல்வதற்கே முன்பு தனி ஆள் இருந்திருக்கிறார். நீர் வல்லுநர் என்று பட்டமும் உண்டு, நல்ல கூலியும் உண்டு. நூறு நாள் போல இப்படிப் பார்த்துக்கொண்டால் கிடைப்பது சுக்குமோ. கறுப்பு மண்ணங்கட்டி என்றுதான் யாரும் நினைப்பார்கள். இந்த வேலைகளை வரிசையாகச் சின்னப் பொம்மைகள் வைத்துக் காட்டியிருக்கிறார்கள். ஜூன் மாதம் என்பதால் உண்மையான குவியலைப் பார்க்க முடியாது. பார்க்க விரும்புபவர்கள் பனிக்காலம் தொடங்குவதற்கு முன் வரவேண்டும்.

இந்தப் பெரும் தொழிலைச் சாய்த்தவர்களில் நாமும் உண்டு. மெய்ஜி காலத்தில் வெளிநாட்டு வணிகம் பெருகியதும் இந்திய நீலக்கட்டி மலிவாக வந்து இறங்கியது. 1897இல் ஜெர்மனியின் பாஸ்ஃப் நிறுவனம் செயற்கை நீலத்தை விற்பனைக்கு விட்டது. அது ஆவாவையும் சாய்த்தது, இந்திய அவுரியையும் சாய்த்தது. பிறகு இரண்டாம் உலகப்போரில் உணவுப்பயிர் மட்டுமே போட வேண்டும் என்று நீலத்துக்குத் தடையே வந்துவிட்டது. இந்த விதையைப் பத்திரப்படுத்தி வைக்க முடியாது, ஒரு வருடம் தாண்டினால் முளைக்காது. மலைக்குள் ஒரு மறைவான நிலத்தில் வருடா வருடம் விதைத்து விதையெடுத்து ஒரு குடும்பம் காப்பாற்றியதால்தான் இன்று செடியே இருக்கிறது.

சரி, தொட்டிக்கு வருவோம். சுக்குமோவில் நீலம் இருக்கிறது, ஆனால் தண்ணீரில் கரையாது. மரச்சாம்பல் தெளிவு, கோதுமைத் தவிடு, சுண்ணாம்பு, கொஞ்சம் சாக்கே மதுவும் சேர்த்து மிதமான சூட்டில் வைத்தால் சுக்குமோவில் இருக்கும் நுண்ணுயிர்கள் விழித்துக்கொண்டு நீலத்தைக் கரையும் வடிவத்துக்கு மாற்றுகின்றன. தினமும் கலக்க வேண்டும், பசித்தால் தவிடு போட வேண்டும், நிறையத் துணி தோய்த்தால் ஓய்வு கொடுக்க வேண்டும். தொட்டி நலமாக இருக்கிறதா என்பதற்கு அடையாளம் மேலே நடுவில் திரளும் நுரை, அதற்குப் பூ என்றே பெயர். எங்கள் தொட்டியின் மேல்பரப்பில் செம்பு மினுமினுப்போடு ஒரு படலம், நடுவில் கருநீலப் பூ. வாடை உண்டு. ஆனால் நான் பயந்த அளவு இல்லை.

துணியில் டிசைன் வைக்க ரப்பர் பேண்டு, கோலிக்குண்டு, குச்சி எல்லாம் ஒரு கூடையில் கொடுத்தார்கள். நான் கைக்குட்டைக்கு நாலு குண்டு வைத்துக் கட்டினேன். சித்தி கழுத்துத் துணி வாங்கிக்கொண்டார். கூடையைத் தள்ளிவிட்டுத் தன் கைப்பையிலிருந்து ஊசியும் நூற்கண்டும் எடுத்தார். அந்த ஊசி எந்த விமானத்தில் எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. துணியை மடித்துப் பிடித்து ஓர் ஓரத்திலிருந்து இன்னோர் ஓரம் வரை ஓட்டுத்தையல், இலை வடிவத்தில். பிறகு நூலைச் சுருக்கென்று இழுத்து இறுக்கிக் கட்டினார். அங்கே வேலை பார்த்த பெண் தொட்டியை விட்டு வந்து குனிந்து பார்த்தார். தைத்து இழுப்பதும் ஷிபோரியில் ஒரு வகைதான். "இவர் தொழில்காரரா?" என்று என்னிடம் சைகையில் கேட்டார். ஆமாம் என்றேன். அதற்கப்புறம் எனக்குச் சொல்லித்தந்தது குறைவு, இருவருமே என்னை மறந்துவிட்டார்கள்.

தோய்ப்பது இப்படி. முதலில் துணியை வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிய வேண்டும். கையுறையோடு தொட்டிக்குள் மெதுவாக இறக்க வேண்டும், காற்றுக் குமிழி உள்ளே போகக் கூடாது. அடியில் வண்டல் இருப்பதால் ஆழமாகத் துழாவவும் கூடாது. உள்ளேயே விரித்து, மடிப்புகளுக்குள் சாயம் போகிற மாதிரி ஒரு நிமிடம் நீவிக்கொண்டே இருந்தேன். வெளியே எடுத்துப் பிழிந்தால் துணி நீலமே இல்லை! பழுப்பும் பச்சையும் கலந்த ஒரு நிறம். உதறி விரித்துப் பிடித்தேன். காற்றுப்பட்ட விளிம்பில் முதலில் பச்சை தெளிந்தது, அப்புறம் மயில்கழுத்து நிறம், கைக்குள் மடங்கியிருந்த இடம் மட்டும் இன்னும் பழுப்பு. அதையும் விரித்ததும் அங்கேயும் நீலம் ஓடியது. கரைந்திருந்த நீலம் ஆக்சிஜன் பட்டதும் மறுபடி கரையாத நீலமாகி நூலுக்குள் சிக்கிக்கொள்கிறது. அதனால்தான் தொட்டியை விட்டு வெளியே வந்தபிறகே நிறம்.

ஒவ்வொரு தோய்ப்புக்கும் ஒரு படி கருக்கும். ஒரே ஒரு முக்குப் போட்ட வெளிறிய நீலத்திலிருந்து கறுப்பைத் தொடும் நீலம் வரை ஒவ்வொரு படிக்கும் ஜப்பானில் தனிப்பெயர் இருக்கிறது. அந்தக் கடைசிப் படிக்குப் போக ஒரு நாள் முழுக்க நின்றாலும் போதாது. தோய்த்து, காயவைத்து, மறுபடி தோய்த்து, நாள் கணக்கில் போகும் வேலை. எனக்கு நடுத்தர நீலம் வந்ததும் போதும் என்று அலசப் போய்விட்டேன். சித்தி பாதித் துணியைப் பிடித்துக்கொண்டு மீதியை மட்டும் மறுபடி மறுபடி இறக்கினார், மேலே வெளிறல், கீழே கரு. தையலைப் பிரித்தபோது இலை நரம்புகள் வெள்ளையாக வந்தன. ஒரு நரம்பு பாதியில் நின்றிருந்தது. "இழுப்பு பத்தல" என்று மட்டும் சொன்னார்.

செவ்வாய்க்கிழமைச் சந்தேகம் இங்கே வேறு மாதிரி ஆகிவிட்டது. நாங்கள் செய்தது அற்ப வேலைதான். போன வருடம் யாரோ அறுத்து, போன குளிர்காலம் முழுக்க யாரோ புரட்டி, நேற்றும் இன்றும் யாரோ தவிடு போட்ட தொட்டியில் நாங்கள் கைவிட்டு எடுத்தோம். கியோட்டோவிலும் இதேதான் நடந்தது, ஆனால் அங்கே அந்த யாரோ கண்ணில் படவில்லை. இங்கே படியேறியதும் முதலில் காட்டுவதே அவர்களைத்தான், தோய்ப்பது கடைசியில். அந்த வரிசையை மட்டும் மாற்றிவிட்டால் இதுவும் ஒரு பை வேலையாகிவிடும்.

ஞாயிறு, வாக்கிமாச்சி

டீசல் ரயிலில் ஒரு மணி நேரம் போல மேற்கே போய் அனபுக்கியில் இறங்கி, ஆற்றைக் கடந்தால் வாக்கிமாச்சி. நீல வணிகர்களின் தெரு. வீட்டுக்கு வீடு நடுவே ஓட்டுத் தொப்பி போட்ட தீத்தடுப்புச் சுவர்கள். அரிமாட்சுவில் தீக்குப் பயந்து கட்டியதாகச் சொன்னேன். இங்கே பயம் போய்ப் பகட்டாகிவிட்டது, யார் வீட்டுச் சுவர் உசத்தி என்று போட்டி. வீடுகளின் பின்பக்கம் முன்பு படகுத்துறை, ஆற்றிலேயே சரக்கு ஏறி இறங்கியிருக்கிறது. தெருவை முழுதாக நடக்க அரை மணி போதும். கடைகளில் நீலக் கைக்குட்டைகள் கிடைக்கின்றன. வாங்குவதற்கு முன் கேட்டுவிடுங்கள், சுக்குமோவில் தோய்த்ததா வேதிச் சாயமா என்று. நேர்மையாகவே சொல்கிறார்கள், விலையும் அதைச் சொல்லிவிடும்.

நேற்று தோய்த்த துணிகளுக்கு விடுதிக் குளியலறையில் இரண்டாம் அலசல் நடந்தது. புதுசில் சாம்பல் தெளிவின் மிச்சம் ஒரு மஞ்சள் பழுப்பாகக் கசியும், அது போகப் போக நீலம் துலங்கும் என்று பட்டறையில் சொல்லியிருந்தார்கள். சரியாகத்தான் இருக்கிறது, தண்ணீர் டீ நிறத்தில் வந்தது. முதல் சில முறை தனியாகத் துவைக்க வேண்டும், நிழலில் உலர்த்த வேண்டும். மழையில் நிழலுக்குப் பஞ்சமில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது, நாகோயா பக்கம் வருகிறீர்கள் என்றால் அரிமாட்சு போதும், நாளின் பாதியில் முடிந்துவிடும். அங்கே சில இடங்களில் நாம் கட்டிக் கொடுத்தால் அவர்கள் தோய்த்துப் பிறகு தபாலில் அனுப்புவார்கள். கையோடு எடுத்து வரவேண்டுமென்றால் பலகை முறையைக் கேளுங்கள். ஐஸுமிக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். எங்கேயும் முன்பதிவு நல்லது, இரண்டு பேருக்கும் குறைவாக வந்தால் சில பட்டறைகள் எடுப்பதில்லை. வெள்ளைச் சட்டை போட்டுப் போக வேண்டாம்.

கையுறை கொடுத்தால் மாட்டிக்கொள்ளுங்கள். சித்தி தையல் பிரிக்கத் தோதில்லை என்று கழற்றிவிட்டார், பத்து நகமும் இப்போது நீலம். நாளை மறுநாள் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போக வேண்டியிருக்கிறது, எலுமிச்சம்பழம் தேடி இந்த ஊர்ச் சுதாச்சிக் காயை வாங்கித் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.